பதினொரு சொற்கள்

அத்தியாயம் ஒன்பது

அலுமாரியின் மேல்தட்டில், சேலைகளுக்கு அடியில் கிடந்த நீல மட்டைக் கொப்பியை யோகமலர் இழுத்து எடுத்தாள். இன்றைக்கு அதைக் கொடுத்தாக வேண்டும். கொழும்பிலிருந்து இரவு மெயில் ரயிலில் வந்திறங்கிய பேராசிரியர் தம்பிராசா, விடுதியில் குளித்து உடுத்திக்கொண்டு ஒன்பது மணிக்கு வருவார். அவளுடைய புருஷன் தங்கத்துரை துறைமுகக் கந்தோர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டையோடு முற்றத்துக்கும் ஹோலுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

கொப்பி அவளுடையதுதான். எழுத்தும் அவளுடையது. அதிலிருந்த பொய்யும் அவளுடையது.

அந்தக் கொப்பியை வாங்கித் தந்தவள் மச்சாள் புஷ்பவதி. தங்கத்துரையின் மூத்த சகோதரி. பேராதனையில் படித்து, லண்டனில் நாலு வருஷம் பேச்சு வராத பிள்ளைகளோடு இருந்து ஆராய்ந்து, உளவியலில் பட்டம் வாங்கியவள். நாற்பத்தொரு வயது, கலியாணம் இல்லை. ஐந்து மாதத்துக்கு முன்னர் ஓர்ஸ் ஹில்லில் இருந்த தம்பி வீட்டுக்கு இரண்டு சூட்கேசும் ஒரு டேப் ரெக்கோடருமாக வந்து இறங்கினாள்.

வாரத்தில் இரண்டு நாள் பட்டினத்தில் ஒரு மாடி அறையில் அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். கிண்ணியாவிலிருந்து துறை கடந்தும், திரியாயிலிருந்து பஸ் ஏறியும், கப்பல்துறையிலிருந்து நடந்தும் தாய்மார் வந்தார்கள். பிள்ளைகளைக் கதைக்க, பேச வைப்பவள் என்பதால் 'கதை டொக்டர்' என்று அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது. லண்டனிலிருந்து கொண்டுவந்த படமட்டைகளில் புகைபோக்கியும் கம்பளிக் கோட்டும் இருந்தன. முதல் கிழமையே அவற்றைக் கட்டிவைத்துவிட்டு, வள்ளமும் வாளியும் நண்டும் தானே படமாகக் கீறிக்கொண்டாள்.

ஆனால் அவளுடைய ஆராய்ச்சியின் நடுவில் இருந்த பிள்ளை இந்த வீட்டுப் பிள்ளைதான். வதனி. நாலரை வயது. பதினொரு சொற்கள்.

"அவள் வாய் திறந்து எதைச் சொன்னாலும் அப்பிடியே எழுது, மலர்," என்று புஷ்பவதி முதல் நாளே சொல்லியிருந்தாள். "திருத்தாத. கூட்டாத. எத்தினை மணி, பக்கத்தில ஆர் நிண்டது, எல்லாம் வேணும். நான் ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம்தான் அவளோட. நீதான் முழு நாளும்."

யோகமலர் எழுதினாள். அம்மா, அப்பா, தண்ணி, வா, வேண்டாம், காகம். புஷ்பவதியை அழைக்கும் மாமி என்ற சொல் பதினோராவதாக வந்தது. அதை எழுதியபோது பேனை சற்று அழுந்திவிட்டது.

மச்சாளின் படிப்பைக் கண்டு யோகமலருக்குப் பொறாமை இல்லை. படிப்பு தூரத்தில் இருக்கிற பொருள். லைட்ஹவுஸ் மாதிரி, வெளிச்சம் அடித்துவிட்டுப் போகும். அவளுக்குப் பொறுக்காதது வேறு. விடிந்து எழும்பியதும் வதனி தாயிடம் வராமல் மாமியின் அறைக்குத் தலையணையை இழுத்துக்கொண்டு போவாள். உள்ளே படமட்டைகள் விழுகிற சத்தம் கேட்கும். பிறகு சிரிப்பு. குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருக்கும் யோகமலரின் கை நின்றுவிடும்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தங்கத்துரை சொன்னான்: "அக்கா வந்தாப் பிறகுதான் எங்கட பிள்ளை சிரிக்கப் பழகினவள்."

அவன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான்.

அதற்கு அடுத்த நாள்தான் கிணற்றடியில் அது நடந்தது. தலைக்கு எண்ணெய் வைத்து வதனியைக் குந்த வைத்து, யோகமலர் வாளியை இறக்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒரு குரல், சற்றுக் கரகரப்பாக, அவசரமில்லாமல் கேட்டது.

"அம்மா, காகம் சவுக்காரத்தைக் கொண்டு போகுது."

வாளி கயிறோடு கிணற்றுக்குள் போய்விட்டது. மதிலில் இருந்த காகத்தின் வாயில் உண்மையாகவே குளிக்கிற சவுக்காரத் துண்டு இருந்தது. யோகமலர் ஈரப் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

பிறகு கொப்பியை எடுக்க ஓடினாள். பேனையைத் திறந்தாள். எழுதினால் பத்து நிமிடத்தில் மச்சாள் கிணற்றடிக்கு வருவாள், டேப் பெட்டியோடு வருவாள், காகம் வரும், சவுக்காரம் வரும், அந்தச் சொல்லும் மாமியுடையதாகிவிடும். தங்கத்துரை சாப்பாட்டு மேசையில், 'அக்கா வந்தாப் பிறகுதான்' என்பான்.

நாளைக்கு எழுதுவம் என்று நினைத்துக்கொண்டு, 'இன்று ஒன்றும் இல்லை' என்று எழுதினாள்.

அந்த 'நாளைக்கு' வரவேயில்லை. கிணற்றடியில் மட்டும், தாயோடு மட்டும் வதனி பேசினாள். தினமும் பேசினாள். கொப்பியில் தினமும் 'இன்று ஒன்றும் இல்லை'. இன்றோடு நாற்பத்து மூன்று நாள்.

"புள்ள! மலர்! இங்க வாங்களன்."

பின்வேலிக்கு மேலால் றஹ்மாவின் தலை தெரிந்தது. கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து இந்த ஒழுங்கைக்குக் குடிவந்தவள். ஒரு சட்டி எருமைத் தயிரை வேலிக்கு மேலால் நீட்டினாள்.

"ஊரால வந்த தயிர். உங்கட கொழும்புப் பெரியவருக்கு வைங்க. இதைத் திண்டா அவருக்குக் கொழும்பே மறந்துரும்."

"பெரிய உபகாரம், றஹ்மா."

"உபகாரம் கிடக்கட்டும். மச்சிட்டச் சொல்லிட்டீங்களா?"

யோகமலர் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "மெல்லக் கதையுங்கோ."

"நான் மெல்லத்தான் கதைக்கன். உங்கட மகள்தான் கிணத்தடியில நிண்டு வளவெல்லாம் கேக்கக் கதைக்காள். நேத்து எங்கட சேவலுக்கு ஏச்சு. கேட்டுச் சிரிச்சுக்கிட்டு நிண்டன்." றஹ்மா சிரிக்கவில்லை. "புள்ள, பிறத்தியார்ட பொருளைத்தான் ஒளிப்பாங்க. நீங்க உங்கட புள்ளையவே ஒளிச்சு வச்சிருக்கீங்க."

"இண்டைக்குச் சொல்லுவன்."

"இதைத்தான் நோன்புக்கு முந்தியும் சொன்னீங்க," என்று சொல்லிவிட்டுத் தலை வேலிக்குக் கீழே இறங்கிப் போயிற்று.

பேராசிரியர் நெட்டையான, மெலிந்த மனிதர். கதிரையில் சாய்ந்திருந்து, புஷ்பவதி வதனியைப் பற்றி எழுதிய அறிக்கையை முழங்காலில் வைத்து, ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். எதிரில் புஷ்பவதி கைகளைக் கோத்துக்கொண்டு இருந்தாள். யோகமலர் தேத்தண்ணி கொண்டு போய் வைத்தபோது, மச்சாளின் பெருவிரல் மற்றப் பெருவிரலைத் தேய்த்துக்கொண்டே இருப்பதைக் கண்டாள். இவளுக்கும் பயம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு அவர் சொன்னார்:

"நல்ல வேலை. பிள்ளைக்குக் காது கேக்குது, சொன்னது விளங்குது, ஆனா சொல்லைக் கட்டி வெளியில கொண்டு வாற இடத்தில குறை. தமிழ்ப் பிள்ளையளில இதை இவ்வளவு வடிவா ஒருத்தரும் எழுதேல்லை. தை மாதம் கொழும்பில எங்கட பேச்சுப் பிரிவு திறக்குது. அந்த இடம் உங்களுக்குத்தான், புஷ்பவதி."

புஷ்பவதியின் விரல்கள் நின்றன. கழுத்து சிவந்தது.

"பிள்ளையும் வர வேணும்," என்றார் அவர். "விடுதி இருக்கு. ரெண்டு வருஷம். முதல் பிள்ளை வதனியா இருக்கட்டும்."

"அதுக்கென்ன சேர்," என்றான் தங்கத்துரை. "அக்காவோடதானே இருக்கப் போறாள். எங்களுக்கு யோசினையே இல்லை."

எங்களுக்கு. யோகமலரின் கையில் தட்டு சாய்ந்து, கரண்டி ஒன்று சரிந்து விழுந்தது. யாரும் குனியவில்லை.

பேராசிரியர் இப்போது நீலக் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார். யோகமலரைப் பார்த்த முகத்தில் ஒரு மரியாதை வந்தது.

"பிள்ளை, இதைத்தான் நான் முக்கியமாச் சொல்ல வேணும். நான் எத்தினையோ தாய்மாரின்ர கொப்பி பாத்தனான். எல்லாரும் கூட்டித்தான் எழுதுவினம். பிள்ளை 'பா' எண்டால், 'பால் கேட்டது' எண்டு எழுதுவினம். பாசம். நீங்கள் நாற்பது நாளுக்கு மேல ஒரு சொல்லும் கூட்டேல்லை. இந்த அறிக்கை நிக்கிறதே உங்கட நேர்மையிலதான்."

புஷ்பவதி நிமிர்ந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள். நன்றியான சிரிப்பு. ஐந்து மாதத்தில் முதல் தடவை.

யோகமலருக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"அவள் கதைக்கிறவள்," என்றாள்.

துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது.

"என்ன விசர்க் கதை இது?" என்றான் தங்கத்துரை.

"விசரில்லை. கிணத்தடியில கதைக்கிறவள். என்னோட மட்டும். முழுசு முழுசாக் கதைக்கிறவள். நான் எழுதேல்லை."

புஷ்பவதி கண்ணாடியைக் கழற்றினாள். "எத்தினை நாளா?"

"நாப்பத்து மூண்டு."

"ஏன் எழுதேல்லை?"

அதற்கு யோகமலரிடம் ஒரு பதில் இருந்தது. அதைப் புருஷனுக்கும் அந்நிய மனிதருக்கும் முன்னால் எப்படிச் சொல்வது? விழுந்து கிடந்த கரண்டியைக் குனிந்து எடுத்தாள்.

பேராசிரியர் கொப்பியை மூடினார். கோபமில்லாமல், வைத்தியர் ஒரு வருத்தக்காரரிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். "பயப்பிடாதேங்கோ. பிரிய வேணும் எண்டதும் தாய்மாருக்கு இப்பிடி வாறதுதான். பிள்ளை கதைச்ச மாதிரியே இருக்கும்."

"எனக்கு அப்பிடி இருக்கேல்லை, ஐயா. கதைச்சவள்." றஹ்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் ஒளித்த கதை முழுவதும் வெளியே வரும்.

"சேர், நான் இந்த வீட்டிலதானே இருக்கிறன்," என்றாள் புஷ்பவதி. குரல் மெல்லியதாக இருந்தது. "அவள் கதைச்சால் எனக்குத் தெரியாமல் இருக்குமோ?"

"தெரியாமலும் இருக்கலாம்," என்றார் அவர். "கதைக்கிறது உண்மையெண்டால் இது வேற வருத்தம். ஒரு ஆளோட மட்டும் கதைச்சு மற்றவையோட வாய் பூட்டிக்கொள்ளுற பிள்ளையள் இருக்கினம். அப்பிடியெண்டால் கொழும்பில விடுதி கூடாது. தாயைப் பிரிக்கவே கூடாது. இந்த அறிக்கையையும் கிழிச்சுப் போட்டு, முதல்ல இருந்து தொடங்க வேணும். இந்த முறை அந்த இடத்தை இதை வைச்சு உங்களுக்குத் தர ஏலாது, புஷ்பவதி." எழுந்து நின்றார். "ஊகிக்க வேண்டாம். கேட்டுப் பாப்பம். பிள்ளை எத்தினை மணிக்குக் குளிக்கிறவ?"

பதினொரு மணிக்கு வெயில் கிணற்றடிக்கு வந்துவிட்டது. உடுப்பு மாற்றுகிற தகரத் தட்டிக்குப் பின்னால் பேராசிரியரும் புஷ்பவதியும் பெட்டியோடு ஒளிந்து நின்றார்கள். தங்கத்துரை வீட்டுக்குள்ளேயே நின்றுகொண்டான். அவனுக்குக் கேட்கப் பயம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: பிள்ளை பேசும்வரை சும்மா இருப்பது. பேசினால் வதனி இங்கேயே இருப்பாள்.

வதனி சீமெந்துத் தரையில் குந்தி, காலால் எறும்பு ஒன்றுக்கு வழி மறித்துக்கொண்டிருந்தாள். யோகமலர் ஒரு வாளி அள்ளி வைத்தாள். இரண்டாவது வாளியும் அள்ளி வைத்தாள். முருங்கைக் கொப்பில் அணில் ஓடியது. வதனி நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். பேசுவதற்கு முன் அப்படித்தான் இழுப்பாள். மூக்கு நுனி கொஞ்சம் வெளுக்கும். அது இந்த உலகத்தில் யோகமலருக்கு மட்டும் தெரிந்த அடையாளம்.

அந்த நேரம் பார்த்து யோகமலரின் கண் தகரத் தட்டிக்குப் போயிற்று. தட்டிக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி. அதில் மச்சாளின் சேலைக் கரை தெரிந்தது. மண்ணில் முழங்கால் பதிந்திருந்தது. அவள் தரையில் மண்டியிட்டு, காதைத் தகரத்தோடு ஒட்டி வைத்திருக்கிறாள். எடுக்கத் தயாராக.

யோகமலர் வாளியைத் தூக்கிப் பிள்ளையின் தலையில் ஊற்றினாள்.

வதனி திணறினாள். உடனே இரண்டாவது வாளி. கிணற்றுக்குள் கயிறு இறங்கியது, ஏறியது. மூன்றாவது வாளி. தண்ணீர் சீமெந்தில் அறைந்து, வாய்க்காலில் பாய்ந்து, வாழைக்குள் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டாள்.

ஏன் ஊற்றினாள்? பிள்ளையை ஒளித்திருந்து கேட்பது பிழை என்று தோன்றியதாலா? அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். பின்னேரம் முழுவதும் அவள் அப்படித்தான் சொல்லிப் பார்த்தாள். கையில் கயிறு அறுத்த எரிவு இருந்தது. அந்த எரிவு அவளை நம்பவில்லை.

பேராசிரியர் டேப்பை ஹோலில் இரண்டு தரம் போட்டுக் கேட்டார். தண்ணீர். கப்பிச் சத்தம். பக்கத்து வீட்டுச் சேவல்.

"சரி," என்றார்.

மத்தியானம் நண்டுக் கறியும் பாரைக் குழம்பும் வைத்து, றஹ்மாவின் தயிரும் வைத்தாள். நன்றாயிருக்கிறது என்று அவர் இரண்டாவது தரமும் போட்டுச் சாப்பிட்டார். யோகமலரிடம் முன்னைவிட அன்பாக நடந்துகொண்டார். பாத்திரம் கழுவும் இடத்துக்கு வந்து தங்கத்துரை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்:

"அக்காவின்ர வாழ்க்கையில ஒரே ஒரு நல்ல நாள். அதையும் கெடுக்கப் பாத்தனீ. உனக்கு அவவில அவ்வளவு எரிச்சலோ?"

ஓம், எரிச்சல்தான் என்று சொல்லியிருக்கலாம். அது ஒன்றுதான் அன்றைக்கு எல்லாரும் நம்பியிருக்கக்கூடிய உண்மை. அவள் நண்டுக் கோதுகளை ஒன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

பொழுது படுகிற நேரம் தங்கத்துரை பேராசிரியரை வாடகைக் காரில் ஸ்டேசனுக்குக் கூட்டிப்போனான். புஷ்பவதியும் வெளிவாசல் படலைவரை போனாள். தை மாதம் எந்தத் திகதி, விடுதிக்குப் பிள்ளைக்கு எத்தனை சட்டை என்று அவர்கள் பேசுவது குசினிவரை கேட்டது. கார் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் இறங்கி மறைந்தது.

யோகமலர் குசினிப் படியில் இருந்தாள். கடலிலிருந்து வந்த காற்று வெக்கையாக இருந்தது. வதனி எங்கிருந்தோ வந்து, கேட்காமலே மடியில் ஏறி, ஒரு கையைத் தாயின் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

இது கிணற்றடி இல்லை. இங்கே அவள் ஒருநாளும் பேசியதில்லை.

மூச்சு உள்ளே இழுபடுவதை யோகமலர் தன் நெஞ்சில் உணர்ந்தாள்.

"ஏனம்மா அவ்வளவு தண்ணி ஊத்தினீங்கள்?" என்றாள் வதனி. "நான் அணிலைச் சொல்ல வந்தனான்."

யோகமலருக்கு முதலில் வந்தது சந்தோஷம். எனக்கு, எனக்கு மட்டும் என்கிற சந்தோஷம். அதற்குப் பின்னால்தான் தை மாதம் வந்தது, விடுதிக் கட்டில் வந்தது. எது முதலில் வந்தது என்பதை நினைக்க உடம்பு குளிர்ந்தது. இப்போதே ஓடினால் ஸ்டேசனில் அவரைப் பிடிக்கலாம். மெயில் புறப்பட இன்னும் அரை மணித்தியாலம் இருக்கிறது. மச்சாள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் நம்புவார்.

பின்னால் செருப்பு உராய்கிற சத்தம் கேட்டது.

குசினி வாசலில் புஷ்பவதி நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. படலையிலிருந்து இங்கு வர இத்தனை நேரம் எடுக்காது. லாம்பு அவளுக்குப் பின்னால் இருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை.

"மச்சாள்," என்றாள் யோகமலர். "கேட்டீங்கள்தானே? இப்ப சொன்னவள். கேட்டீங்கள்தானே?"

வதனி தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஒழுங்கையில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் சந்தியில் திரும்பித் தேய்ந்து இல்லாமல் போகும்வரை புஷ்பவதி அசையவில்லை.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை, மலர்," என்றாள்.

அவள் அப்போது பார்த்துக்கொண்டு நின்றது பிள்ளையின் வாயை அல்ல. தாயின் கழுத்தைச் சுற்றிக் கிடந்த அந்தச் சின்னக் கையை.